உண்ணி பொறுக்கிய உத்தியோகம்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். மாட்டு டாக்டருக்குப் படித்தவள். இந்த மதுரை கே.கே. நகரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கிளம்பி, கிராமம் கிராமமாகப் போய், மாடு வைத்திருப்பவர்களிடம் உண்ணியைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு வருகிறாள். உண்ணியால் மாட்டுக்கு நோய் வரும் என்று தெரியுமா, தெரியாதா. தெரியும் என்றால் ஒரு கட்டத்தில் குறி, தெரியாது என்றால் இன்னொரு கட்டத்தில் குறி. அவ்வளவுதான் கேள்வி. ஒருநாள் முகம் வாடி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இவங்க, தெரியும்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க, தெரியாதுன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. 'உங்க வீட்டுல எத்தனை மாடு தாயி நிக்குது'ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மாட்டாஸ்பத்திரியில் இருந்த காலத்தில் எங்களைக் கேட்ட அதே கேள்வி இன்னும் திடகாத்திரமாக உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு திருப்தி. அவள்தான் என் காலத்துச் சங்கதிகளை எழுதித் தரச் சொன்னாள். அவர்கள் மாட்டு டாக்டர் சங்கத்து மலரில் போடுவார்களாம். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும், அவ்வளவு படித்தவள்தானே.

நான் வேலைக்குச் சேர்ந்தது மிஷன்காரர்கள் நடத்திய மாட்டாஸ்பத்திரியில். காளவாசலுக்கு மேற்கே இருந்தது. அப்போது காளவாசல் என்றால் செங்கல் சூளைப் புகையும் மாட்டுவண்டியும்தான். ரோட்டைக் கடக்க இன்று போலக் கடவுளைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு டாக்டர், மனுவேல் டாக்டர். வேலை கேட்டு அவர் முன்னால் போய் நின்றேன். தலையை நிமிர்த்தவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைவிரல்களைப் பார்த்தார்.

"பேன் பார்க்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

"ஈரு?"

"அதுவும் தெரியுங்க."

"நாளைக்கு வா."

இவ்வளவுதான் பரீட்சை. என்னோடு மிஷன் பள்ளியில் படித்தவர்கள் டீச்சரானார்கள், நர்ஸானார்கள். நான் மாட்டுக்குப் பேன் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஆண் வேலையாட்கள் இருந்தார்கள். அவர்கள் சாணி அள்ளுவார்கள், மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பார்கள். உண்ணி பொறுக்கச் சொன்னால் மட்டும், அது பொம்பளை வேலை என்று மீசையைத் தடவுவார்கள். மீசைக்கும் உண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. எனக்குத்தான் பேச வராதே.

பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. முதலில் காதின் உள்மடல். பிறகு கழுத்தடியில் தொங்கும் அலைதாடியின் மடிப்பு, முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவில். வாலடியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எடுத்தவுடன் வாலைத் தூக்கினால் மாடு நம் நோக்கத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு உதைக்கும். உண்ணியை வெடுக்கென்று பிய்க்கக் கூடாது. அதன் வாய் தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும், புண்ணாகும், புண்ணில் புழு வைக்கும். ஒரு சொட்டு வேப்பெண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்து, நகத்தைத் தோலோடு சேர்த்து வைத்து நேராகத் தூக்கினால் வந்துவிடும். இரத்தம் குடித்து ஊதிய உண்ணி ஆமணக்கு விதை போலப் பளபளவென்று இருக்கும். அதை நசுக்கக் கூடாது, சீமெண்ணெய் டப்பாவில் போட வேண்டும். இதுதான் மொத்தப் படிப்பு.

டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். மனிதர்களை 'நீ' என்பார், மாடுகளை 'நீங்க' என்பார். "அம்மா, காலைக் கொஞ்சம் எடுங்க, மருந்து போடணும்" என்று மாட்டிடம் கெஞ்சுவார். அந்த மாட்டின் சொந்தக்காரரிடம், அவர் ஊர்ப் பெரிய மனிதராகவே இருந்தாலும், "நீ அந்தப் பக்கம் போ" என்பார். கேட்டால், மாட்டுக்கு நம்மேல் நம்பிக்கை வர வேண்டும், மனுஷனுக்கு வந்து என்ன ஆகப்போகிறது என்பார்.

இன்னொரு குணமும் உண்டு. பொய் சொல்ல மாட்டார். வைத்தியத் தொழிலில் இது எவ்வளவு பெரிய ஊனம் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவன் கண் கலங்கி, "பொழைச்சிருமாங்க?" என்று கேட்பான். "தெரியாது" என்பார். கேட்டவன் அப்படியே மாட்டைத் திருப்பிக்கொண்டு நாட்டு வைத்தியரிடம் போய்விடுவான். அந்த வைத்தியர் எல்லா மாடும் பிழைக்கும் என்றே சொல்லுவார். செத்த மாடு திரும்பி வந்து கேட்கப்போவதில்லை என்கிற தைரியம். ஆகவே எங்கள் டாக்டருக்குக் கைராசி இல்லை என்று பெயர். நாட்டு வைத்தியருக்கு நல்ல ராசி.

உண்ணியைப் பற்றிய ஊர் அபிப்பிராயங்களை அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். டவுனில் பாரவண்டி ஓட்டுகிறவர் ஒருவர் காளைக்கு லாடம் தைத்த புண்ணைக் காட்ட வந்தார். காளையின் காதில் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. நான் டப்பாவோடு போனதும் தடுத்துவிட்டார்.

"அதை எடுக்காதத்தா. உடம்புல ரத்தம் இருக்குற மாட்டுலதான் உண்ணி ஏறும். நோஞ்சான் மாட்டைப் போய் எது கடிக்கும்? சந்தையில காளைய விக்கப் போனா, வாங்குறவன் மொதல்ல காதைத்தான் பொரட்டிப் பாப்பான். உண்ணி இல்லேன்னா, 'என்னண்ணே, மாட்டுல ரத்தமே இல்ல போலயே'ன்னு வெலையக் கொறைப்பான்."

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் காளையைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

இன்னொரு சங்கதி. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் டாக்டர் ஊர்க்காரர்களைக் கூட்டி உண்ணியின் ஆபத்தை விளக்கினார். நான் அவர் பின்னால் டப்பாவோடு முக்காட்டுக்குள் நின்றேன். ஆச்சரியமாக, ஊரே ஒத்துக்கொண்டது. உண்ணியை நசுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் கிழவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். டாக்டர் சொன்ன காரணம், நசுக்கினால் முட்டை சிதறும் என்பது. அவர்கள் தலையாட்டிய காரணம், உண்ணிக்குள் இருப்பது பசுவின் இரத்தம், அது தொழுவத்தில் சிந்தினால் வீட்டுக்கு ஆகாது என்பது. அடுத்த முறை போனபோது எல்லா வீட்டிலும் உண்ணி பொறுக்கியிருந்தார்கள். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொறுக்கியதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டார். பெருமையாகக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். கொட்டாங்குச்சியில் சேர்த்து, ஒன்றுகூடச் சாகாமல் பத்திரமாக எடுத்துப் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் ஊருணிக்கரை மரத்தடியில் விட்டிருந்தார்கள். அந்த ஊருணியில் அடுத்த ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கும். அடுத்த ஊரில் விசாரித்தபோது, அவர்களும் இதே நியாயப்படி அவர்கள் உண்ணிகளை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊர் உண்ணிகளும் டிக்கெட் வாங்காமல் ஊர் விட்டு ஊர் போய்வந்தன.

இனி பேச்சியம்மாள் மாட்டின் கதை.

யுத்தக் காலம். மிஷன்காரர்கள் மலையிலிருந்து சீமைக் கலப்புக் கிடேரிகளை ரயிலில் வரவழைத்து, ஸ்டேஷனிலேயே குடியானவக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கன்று போட்டதும் உசிலம்பட்டியில் இருந்த மிஷன் பிள்ளைகள் விடுதிக்குப் பால் ஊற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. எழுமலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கும் ஒன்று கிடைத்தது. வெள்ளை மாடு.

பேச்சியம்மாளின் புருஷன் பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். சண்டை மூண்ட பிறகு அவரைப் பற்றிச் சேதி இல்லை. பிள்ளையும் இல்லை. கொழுந்தன் பெரியகருப்பன், அண்ணன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிடும்படி மதினியை அழைத்துக்கொண்டே இருந்தார். அன்பாகத்தான். அவர் வீட்டில் தொழுவம் பெரிது, சாணி அள்ள ஆள் இல்லை. அந்த வெள்ளை மாடு பால் கறந்தவரைக்கும் பேச்சியம்மாள் தன் அடுப்பில் உலை வைத்தாள். மாடு போனால் கொழுந்தன் வீட்டுத் தொழுவம்தான் கதி. இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஒருநாள் அந்த வழியாக வரும் பஸ் கண்டக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் இறங்கிச் சொன்னார். "எழுமலைப் பக்கத்துப் பொம்பளை சொல்லச் சொல்லுச்சு. மாடு காப்பித் தண்ணி மாதிரி மூத்திரம் பேயுதாம். அசை போடலையாம்."

டாக்டர் உடனே மருந்துப் பெட்டியை எடுத்தார். இது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி உள்ளே போய் இரத்தத்தை உடைக்கிறது, உடைந்த இரத்தம் மூத்திரத்தில் வருகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நம் ஊர் மாடுகளைக் கன்றிலேயே உண்ணி கடித்துவிடும். அப்போது லேசாக வந்து போகும், பிறகு வராது. உண்ணி இல்லாத குளிர்மலையில் வளர்ந்த மாடு இங்கே வந்து கடி வாங்கினால் தாங்காது. ஆகவே உண்ணியால் மாடு சாகாது என்று ஊர்க்காரர்கள் சொன்னது அவர்கள் மாட்டைப் பொறுத்தவரை சரிதான். பாதி சரியாக இருப்பவர்களோடு வாதாடுவதைவிடப் பாவம் பிடித்த வேலை இல்லை.

பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்ஸெல்லாம் கரியில் ஓடும். மேடு வந்தால் நாங்கள் இறங்கி நடக்க, பஸ் எங்களுக்குப் பின்னால் வந்தது. போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாள் வீட்டு முன்னால் கூட்டம். பெரியகருப்பன் மாட்டுக்குச் சூடு போட இரும்புக் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் மாட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"கொழுந்தனாரே, அந்தக் கம்பிய மொதல்ல உங்க முதுகுல வச்சுப் பாருங்க. உங்களுக்கு நோவு போனா எம் மாட்டுக்குப் போடலாம்."

"ஆம்பளை இல்லாத வீட்டுல சீமை மாட்டக் கட்டுனா இப்படித்தான் ஆகும் மதினி. திருஷ்டி. சூடு வச்சாத்தான் எறங்கும்."

டாக்டர் அவரிடம், "நீ தள்ளு" என்றார். மாட்டிடம் போய், "அம்மா, வாயைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

பெரியகருப்பன் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "மாப்ள, யாரை அம்மாங்கிறாரு?" என்றார்.

"மாட்டைத்தான் மச்சான்."

"அப்ப நம்மள?"

மாட்டின் ஈறு வெளுத்துப் போய் மஞ்சள் தட்டியிருந்தது. நான் மடி இடுக்கில் கை வைத்தேன். விதை விதையாக உண்ணி. பேச்சியம்மாள் தினமும் பொறுக்கித்தான் வந்தாளாம். செவ்வாய், வெள்ளி மட்டும் பொறுக்க மாட்டாள். அந்த நாட்களில் தொழுவத்திலிருந்து எதையும் வெளியே எடுத்துப் போடக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்பது அந்த ஊர் வழக்கம். லட்சுமி இருந்தாள், கூடவே உண்ணியும் இருந்தது.

"ஏங்கய்யா, எங்கப்பன் காலத்துலயிருந்து எங்க மாட்டுல உண்ணி இருக்கு. ஒண்ணு செத்துச்சா?" என்றார் பெரியகருப்பன்.

"உன் மாடு சாகாது" என்றார் டாக்டர்.

"அப்புறம்?"

"இது சாகும்."

"இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"மலையில பொறந்துச்சு."

பேச்சியம்மாள் நடுவில் வந்தாள். "ஊசி போட்டாப் பொழைக்குமாய்யா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா அம்புட்டுத் தூரத்துலயிருந்து பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வந்தீக?"

டாக்டர் முதல் முறையாக ஒரு மனித ஜென்மத்தை மரியாதையோடு பார்த்தார். "ஊசி போடாட்டி சாகும். அது தெரியும். போட்டா என்னன்னு தெரியாது" என்றார்.

"போடுங்க" என்றாள்.

அந்த மருந்து ஒரு நீலப் பொடி. கப்பல் வராததால் எங்களிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, பொடியைக் கரைத்து, துணியில் வடிகட்டினோம். கெட்டியான மை போல இருந்தது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஏற்ற வேண்டும். டாக்டர் கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அமுக்கி, புடைத்ததும் ஊசியைச் செலுத்தினார். நான் ரப்பர்க் குழாய் மாட்டிய புனலை உயரத் தூக்கிப் பிடித்தேன். வேகமாக ஊற்றினால் மாடு அங்கேயே விழும். நரம்புக்கு வெளியே கசிந்தால் கழுத்து வீங்கி அழுகும். அதனால் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். கை மரத்துப் போனாலும் ஆட்டக் கூடாது. ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மாட்டின் உயிரைவிட என் முக்காடு நழுவுகிறதே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. டாக்டர் மாட்டின் காதில், "அவ்வளவுதான் அம்மா, முடிஞ்சிருச்சு, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாடு பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கி, மூத்திரம் தெளிந்து, அசை போட்டது. ஆனால் நீலமாகிவிட்டது. அந்த மருந்தின் குணம் அப்படி. வெள்ளை மாடு அல்லவா, உதடு, ஈறு, கண்ணின் வெள்ளை, மடி எல்லாம் நீலம் பாரித்து நின்றது. பாலிலும் லேசான நீலம். பால் வெளுக்கும்வரை யாரும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுவாரம் மாட்டைப் பார்த்துவரச் சொல்லி டாக்டர் என்னை அனுப்பினார். போனால் தொழுவத்தில் வாழைமரம் கட்டியிருக்கிறது. மாட்டின் கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் நாமம். நீலம் பெருமாளின் நிறமாம். பெருமாளே வந்து மாட்டைக் காப்பாற்றிவிட்டாராம். டாக்டர் ஊசி போட்டதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்தவர்கள். அதைக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்.

"டாக்டரு ஊத்துனது ஒரு சொம்பு. அம்புட்டுப் பெரிய மாடு ஒரு சொம்புலயா நீலமாகும்?"

நான் டப்பாவை எடுத்து மாட்டின் அருகே போனேன். ஒரு பெண் என் கையைத் தட்டிவிட்டாள். சாமி மாட்டிலிருந்து எதையும் பிய்க்கக் கூடாதாம். அப்படிச் சொன்னவளே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதுமடலிலிருந்து ஒரு உண்ணியைப் பக்குவமாக எடுத்து வெற்றிலையில் வைத்து மடித்துக்கொண்டாள். அவள் வீட்டு மாட்டில் விட. பிரசாதம். அன்றைக்கு மட்டும் எத்தனை வெற்றிலை போயிற்று என்று நான் எண்ணவில்லை.

பேச்சியம்மாள் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். "தாயி, என்னையும் பொறுக்க விட மாட்டேங்குறாளுக. மறுபடி காய்ச்சல் வந்தா?"

"நீல மருந்து தீர்ந்துபோச்சுக்கா" என்றேன்.

அவள் முந்தானை நுனியைக் கடித்தாள். பிறகு கேட்டாள். "உண்ணி நெருப்புல போட்டாச் சாகுமா?"

"சாகுங்கக்கா."

அடுத்த சனிக்கிழமை ஊர் கூடியபோது பேச்சியம்மாள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். பெருமாள் கனவில் வந்து கோபித்துக்கொண்டார் என்றாளாம். 'எம் மாட்டு மேல அரக்கனுக உக்காந்து ரத்தம் குடிக்கிறானுக, நீங்க வேடிக்கை பாக்குறீகளா? ஒருத்தன் விடாமப் பொறுக்கி நெருப்புல போடுங்க. செவ்வாயாவது வெள்ளியாவது' என்றாராம். அவ்வளவுதான். ஒரு சட்டியில் நெருப்பு மூட்டி வைத்து, பெண்டுகள் வரிசையில் நின்று மாட்டைத் தடவித் தடவிப் பொறுக்கிப் போட்டார்கள். கடுகு தாளிப்பது போல ஒவ்வொரு அரக்கனும் வெடித்தான். சும்மா இருக்க முடியாமல் தங்கள் வீட்டு மாட்டு அரக்கர்களையும் மடியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். பசு இரத்தம், தொழுவத்துக் குற்றம் எல்லாம் எங்கே போயிற்றோ. சில வாரங்களில் அந்த ஊர் மாடுகள் எங்கள் ஆஸ்பத்திரி மாடுகளைவிடச் சுத்தமாக இருந்தன.

இதைக் கேட்டதும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "கனவா? அது சாயம். நான் வந்து விளக்கிச் சொல்றேன்" என்றார். தப்பான காரணத்துக்காக உண்ணி சாவது அவருக்குச் சம்மதமில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த சனிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெரியகருப்பன்தான் கூட்டியிருந்தார். அந்தப் பெருமாள் கோயில் காரியங்களைப் பார்க்கும் முறைகாரர் அவர். அவருடைய நியாயம் இது: பெருமாளே 'எம் மாடு' என்று கனவில் சொல்லிவிட்டார். அப்படியானால் மாடு கோயிலுக்குச் சொந்தம். கோயில் மாட்டை அவிழ்த்துக் கோயிலுக்கு விட்டுவிட வேண்டும். பராமரிப்பை முறைகாரர் பார்த்துக்கொள்வார். மதினி இனி தனியாகக் கஷ்டப்பட வேண்டாம், வீட்டோடு வந்துவிடலாம்.

பேச்சியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. கனவு கண்டது அவள்தானே, அதை மாற்ற முடியாது.

பெரியகருப்பன் டாக்டரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "நல்ல நேரத்துல வந்தீக. நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு நாடறிஞ்ச சேதி. நீங்களே சொல்லுங்க, இது சாமி மாடா, சாயம் ஏத்துன மாடா? சாமி மாடுன்னா கோயிலுக்குப் போகட்டும். சாயம்னா, மதினி சாமி பேரால ஊரை ஏமாத்தியிருக்கு. அதுக்கு ஊர் என்ன தண்டனை சொல்லுதோ, மாட்டை ஊரே எடுத்துக்கிறட்டும்."

எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் மாடு போகும். டாக்டரை எனக்குத் தெரியும். ஊரை விட்டே துரத்தினாலும் உள்ளதைத்தான் சொல்லுவார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்தார்.

"கனவைப் பத்தி எனக்குத் தெரியாது. அந்த அம்மா கனவுக்குள்ள நான் போகலை. உண்ணிய நெருப்புல போடணும்னு சொன்னது மட்டும் சரியான வைத்தியம். இந்த ஜில்லா பூரா நான் கத்திக்கிட்டுத் திரியறதும் அதுதான்."

"அதில்லைங்கய்யா. மாடு யாரு மாடு?"

"அதைச் சொல்றேன். இந்த மாடு இப்ப எங்க இருக்கு?"

பெரியகருப்பன் விழித்தார். "மதினி தொழுவத்துல."

"இல்லை. ஆஸ்பத்திரியில இருக்கு. நான் ஊசி போட்ட நோயாளி. குணமாச்சு, கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொல்ற வரைக்கும் என் நோயாளி. எங்கள்ட்ட இடம் இல்லாததால இங்க படுக்க வச்சிருக்கு. இந்த அம்மா பாத்துக்கிறாங்க. நோயாளிய ஆஸ்பத்திரியிலயிருந்து அவுத்துட்டுப் போற வழக்கம் உங்க கோயில்ல உண்டா?"

கூட்டத்தில் ஒரு கிழவர், "அதெப்படி, நோயாளிய அவுக்க முடியும்?" என்று தன்னாலே சொல்லிக்கொண்டார்.

"எப்பத்தான் விடுவீக?" என்றார் பெரியகருப்பன்.

"நீலம் போகணும்."

"பால் வெள்ளையாத்தானே வருது."

"உள்ள இருக்கும்."

"உள்ள இருக்குன்னு எப்படிப் பாப்பீக?"

"உயிரோட இருக்கறப்ப பாக்க முடியாது" என்றார் டாக்டர். அது சத்தியமான உண்மை.

பெரியகருப்பன் அத்தோடு விடவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "ஊசி போட்டுத்தான் எத்தனையோ வாரமாச்சே. ஒருவேளை முன்னாடியே விட்டுட்டு மறந்துபோய்ச் சொல்றீகளோ என்னமோ" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஞானம்மா, இவங்களுக்கு டிஸ்சார்ஜ் குடுத்தாச்சா?"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு கூட்டத்தின் முன்னால் நான் வாயைத் திறந்தது அந்த ஒரே தடவைதான். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எப்படியோ சத்தம் வந்துவிட்டது.

"இல்லைங்க டாக்டர்."

அது பொய்யில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த மாட்டுக்கும் டிஸ்சார்ஜ் என்று ஒன்று கொடுத்ததே கிடையாது.

ஊர் கலைந்தது. பேச்சியம்மாள் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். பெரியகருப்பன் அதன் பிறகும் பஸ் ஸ்டாண்டில் எங்களை எப்போது பார்த்தாலும், "நீலம் போயிருச்சாங்கய்யா?" என்று கேட்பார். டாக்டர், "தெரியாது" என்பார். பேச்சியம்மாள் கடைசிவரை தன் வீட்டில்தான் உலை வைத்தாள். மாடு கன்று மேல் கன்றாகப் போட்டு, கிழடாகி, தன் தொழுவத்திலேயே படுத்தது. சாகும் நாள்வரை அது எங்கள் உள்நோயாளி. ஆஸ்பத்திரி எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட அதற்குத் தெரியாது.